கன்னிமார் குகையில் இரண்டு பொம்மைகள்

இமெட்டோஸ் மலையடி,
கடல் மூடுவதற்கு முன்.

அன்புள்ள ஆந்த்ரோனுக்கு,

உங்கள் அர்கிப்பே எழுதுகிறேன். மகிழ்ந்திருங்கள். நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வசந்தத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். பார்லி அறுப்பின்போது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை. மிலேத்தோஸில் கோயில் கட்டுகிறவர்களுக்கு உளி பிடிக்கத்தான் கை இருக்கிறது, எழுதக் கை இல்லை போலிருக்கிறது. ஊரார் கல்லறைக்கெல்லாம் எழுத்து வெட்டிக் கொடுத்தவர், சொந்த வீட்டுக்கு ஒரு வரி அனுப்பக் கூடாதா? எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். உடைந்த ஓட்டில் கரியால் முதல் எழுத்தைப் போட்டுக் காட்டி, "மாட்டுத் தலையக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு பாரு, மறந்துடாத" என்றீர்கள். நான் எதையும் மறக்கவில்லை.

தொழுவத்துக் கூரையை என் தம்பி லைகோன் செப்பனிட்டான். இப்போது அவன் கைவைத்த இடத்தில் மட்டும்தான் ஒழுகுகிறது. அத்தி புழுத்துப்போனது. ஒலிவம் பரவாயில்லை, கிளை தாழ்ந்துதான் இருக்கிறது. பறிக்க ஆள்தான் இல்லை. மிகா என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பின்னால் இருந்து பார்த்தால் யாரோ ஒரு பெண் நம் வீட்டுக்குள் நடமாடுகிறாள் என்று இருக்கிறது.

கப்பல் ஏறும் முன் நீங்கள் கைகொடுத்து நிச்சயித்தீர்களே, அந்தச் சம்பந்தத்தில் மாற்றம் இல்லை. மாப்பிள்ளை கல்லிப்போஸ் நல்ல பையன், தேனீக்களோடு இருந்து இருந்து பேச்சே குறைந்துவிட்டது. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா தியானோ பேசிவிடுகிறாள். திருமண மாதத்துப் பௌர்ணமியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். "அண்ணன் வந்தா சந்தோஷம். வரலன்னா உங்க தம்பி கையப் புடிச்சுக் குடுக்கட்டும். எத்தன நாளைக்குத்தான் பொண்ண வீட்ல வெச்சுப் பூட்டுவீங்க?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, ஆனால் கேட்டது நியாயம்தான். சரி என்றுவிட்டேன்.

மலைப்பாதை நனைவதற்குள் போய் வரலாம் என்று நேற்று, கல்யாணத்துக்கு முன் பொம்மையை ஒப்படைக்க, மிகாவைக் கன்னிமார் குகைக்குக் கூட்டிப்போனோம். பாலும் தேனும் எடுத்துக்கொண்டேன். தியானோ தன் பழக்கத்தில் ஒரு ஜாடி திராட்சை மதுவும் தூக்கிக்கொண்டு வந்தாள். சுனைக் கன்னிமார் மதுவைத் தொட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? வாசலில் இருக்கும் ஆட்டுக்கால் சாமி பானுக்கு அதை ஊற்றிவிட்டு உள்ளே இறங்கினோம். படி வழுக்கியது. நீங்கள் இளவயதில் செதுக்கிய படி என்பதால் உங்களைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

மிகா தன் பொம்மையைச் சுனையோரத்து மாடத்தில், முகம் தண்ணீரைப் பார்க்க வைத்தாள். உங்கள் கையால் மண் பிசைந்து, குயவர் சூளையில் சுட்டு, கைகால்களை நூலால் கோத்துக் கொடுத்தீர்களே, அந்தப் பொம்மை. நான் என் பொம்மையைக் கொடுத்த அன்று ஊரைக் கூட்டி அழுதேன். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி, அப்பனைப் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "என் விளையாட்டை உங்களிடம் விட்டேன், என்னை என் வீட்டுக்கு விடுங்கள்."

குகை திருப்பிச் சொல்லவில்லை.

எப்போதும் சொல்லும், உங்களுக்குத் தெரியும். நான் சொன்னபோது சொன்னது, என் அக்காக்கள் சொன்னபோதும் சொன்னது. பெண்களெல்லாம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தோம். சுனை சொட்டும் சத்தம்தான் கேட்டது. தியானோ என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணேறு கழிய மார்புக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டு, "பொண்ணுக்குக் கூச்சம், மெதுவா சொல்லிட்டா" என்றேன். அவள் மெதுவாகச் சொல்லவில்லை. திருமணக் குளியலுக்கான தண்ணீரை ஜாடியில் மொண்டுகொண்டு ஏறி வந்துவிட்டோம்.

வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன் என்றால், அப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். இதுதான் இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல். அதற்குப் பிறகு கடல் திறக்கும்வரை நான் எழுதுவதும் போகாது, நீங்கள் எழுதுவதும் வராது. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். கல்தூசி நெஞ்சில் தங்கும், தேன் சாப்பிடுங்கள். ஆர்டெமிஸ் தாய் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அர்கிப்பே.

*

இமெட்டோஸ் மலையடி,
நடுக்குளிர், மீன்கொத்தி முட்டையிடும் நாட்கள்.

ஆந்த்ரோன்,

வாழ்த்தெல்லாம் பிறகு. மிகா சாப்பிடுவதில்லை.

காற்று அடங்கி, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது. இந்த அமைதியை நம்பி ஒரு ரோடோஸ் கப்பல்காரன் நாளையோ மறுநாளோ புறப்படுகிறானாம். குளிர்காலத்தில் கடலில் இறங்குகிறவன் பைத்தியக்காரன். அந்தப் பைத்தியக்காரன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

குகைக்குப் போய் வந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. முதலில் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஆட்டுக்குப் போட்டாள். கல்யாண பயம், எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான் என்று விட்டுவிட்டேன். பிறகு உச்சிவேளையில் தறியை விட்டு எழுந்து போக ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் நம் ஊரில் யாராவது மலைப்பக்கம் தலைகாட்டுவார்களா? ஆடு மேய்ப்பவன்கூடக் குழலைக் கீழே வைத்துவிட்டு, பான் தூக்கம் கலைந்துவிடப் போகிறது என்று மூச்சை அடக்கி உட்காரும் நேரம். இவள் வெறுங்காலோடு போகிறாள்.

ஒரு நாள் பின்னாலேயே போனேன். ஆந்த்ரோன், மலையில் ஒரு சத்தம் இல்லை. என் செருப்புச் சத்தத்துக்கு நானே பயந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் குகை வாசல் படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்த் தொட்டேன், தலைமயிர் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து பல நாள் ஆகிறது. லைகோனிடம் சொன்னேன். "வேர்வையா இருக்கும்க்கா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான். இந்தக் குளிரில் யாருக்கடா வேர்க்கும் என்று கேட்டேன்.

அன்று வழி நெடுக அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எதுக்குடி அங்கே போகிறாய் என்றதற்கு, "கூப்பிடுறாங்கம்மா. பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. நான் ஒண்ணும் குடுக்காம வந்துட்டேனாம்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

குயவர் வீட்டுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கல்யாணத் தண்ணீருக்குப் போனவள். ஜாடி மட்டும் சுனையோரத்தில் நிமிர்ந்து நின்றது. 'கன்னிமார் கொண்டுபோனார்கள்' என்று அவளுக்கு வைத்த கல்லில் எழுத்து வெட்டியவர் நீங்கள்தான். வெட்டிவிட்டு வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. என்ன என்றதற்கு, தலைவலி என்றீர்கள். நேற்று அந்தக் கல்லைத் தாண்டிப் போக என் காலுக்குத் தைரியம் வரவில்லை, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தியானோ வந்து, நடு முற்றத்தில் நின்றுகொண்டு, "ஒளிக்காம சொல்லிடுங்க சம்பந்தி. பொண்ணுக்குச் சாதாரண காய்ச்சலா, இல்ல கன்னிமார் புடிச்சிருக்காங்களா? எம் பையன் தேன்கூட்ல கைவிடுவான், அவங்க பங்குல கைவிட மாட்டான்" என்றாள். வாயில் வந்ததைச் சொல்லித் துரத்தியிருப்பேன். ஆனால் போகும்போது அவள் ஒரு தேனடையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள். அவளும் பயந்துதான் போயிருக்கிறாள். கல்யாணம் போனால் போகட்டும் ஆந்த்ரோன். எனக்குப் பெண் வேண்டும்.

நேற்று காரணம் தெரிந்தது. நூற்பதற்குக் கம்பளி எடுக்கக் கூடைக்குள் கைவிட்டேன். அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், பொம்மை. நீங்கள் செய்தது. ஒடிந்த இடது கையைக் கப்பல் ஏறுகிற அன்று துறைமுகத்தில் வைத்து, கப்பலுக்குப் பூசும் கீலைத் தடவி ஒட்டினீர்களே, அந்தக் கறை அப்படியே இருக்கிறது. குகை மாடத்தில் இருக்க வேண்டியது கம்பளிக்குள் எப்படி வந்தது? தானாக இறங்கி நடந்து வந்ததோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், சிரிக்காதீர்கள்.

வரவில்லை. அது போகவே இல்லை என்று மிகாவே சொன்னாள். மிகா தான் பின்னிய இடைக்கச்சையைக் குயவர் வீட்டில் கொடுத்து ஒரு புதுப் பொம்மை வாங்கியிருக்கிறாள். பழைய பொம்மையின் சட்டையைக் கழற்றி அதற்குப் போட்டு, அதைத்தான் கன்னிமாருக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள்கூட மடியில் வைத்து விளையாடாத பொம்மை! அதை வைத்துவிட்டு 'என் விளையாட்டை உங்களிடம் விட்டேன்' என்று சொல்லியிருக்கிறாள். யாரிடம் பொய் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். குகை வாயை மூடிக்கொண்டதற்கு இப்போது எனக்கு அர்த்தம் புரிந்தது. பொம்மை வரவில்லை என்றால் பொம்மைக்கு உரியவளை எடுத்துக்கொள்வார்கள்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவளை எங்கே அடிப்பது? ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அவள் பொம்மையைத் திருப்பி முதுகைக் காட்டினாள். ஈர மண்ணில் நீங்கள் பதித்த கட்டைவிரல் தடம், சுட்டபின் அப்படியே நின்றது, அதைக் காட்டினாள். துறைமுகத்தில் நீங்கள் அவளிடம் சொன்னதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "அழாதடி மிகா. என் கட்டவிரல் இங்க இருக்கு பாரு. விரல் எங்க இருக்கோ, அங்க நான் வந்துதான ஆகணும்?"

நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பீர்கள். கப்பல் ஏறுகிற அவசரத்தில் அழுகிற பிள்ளையிடம் எந்த அப்பனும் எதையாவது சொல்லித்தான் வைப்பான். அவள் அதை உயிராகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "இதக் குடுத்துட்டா அப்பா வர மாட்டாரும்மா" என்றாள். கொடுக்காவிட்டால் நீ இருக்க மாட்டாயடி என்றேன். "தெரியும். அதனாலதான் தெனம் போய் அவங்ககிட்டக் கெஞ்சுறேன். அப்பா வர்ற வரைக்கும் பொறுங்கன்னு" என்றாள். தலையை நனைத்துக்கொள்வதும் அதற்குத்தானாம். சுனையில் தலையை முக்கினால் அவர்கள் சொல்வது தெளிவாகக் கேட்கிறதாம்.

இன்று காலை, உச்சிவேளைக்கு வெகு முன்னால், நான் தனியாகக் குகைக்குப் போனேன். பொம்மைக்குப் பதில் என் தலைமயிரைத் தருகிறேன், என் கல்யாணக் கச்சையைத் தருகிறேன், என்னையே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, குறி கேட்க அங்கே இருக்கும் ஆட்டுக் கணுவெலும்புகளை எடுத்து உருட்டினேன். நான்கும் நாயாக, ஒற்றை எண் பக்கமாக விழுந்தன. அதைவிட மோசமாக விழ முடியாது. சரியாக உருட்டவில்லையோ என்று இன்னொரு முறை உருட்டினேன். மறுபடியும் நாய். மூன்றாவது முறை உருட்டப் பயந்து வந்துவிட்டேன்.

ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள். இப்படி ஒரு தராசை எந்தப் பெண் கையிலும் கொடுக்கக் கூடாது. நீங்கள் இங்கே இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "இதுல யோசிக்க என்ன இருக்கு, எந்திரிச்சுப் போ" என்பீர்கள். நாளை போகிறேன். கப்பல்காரன் கிளம்பும்வரை இந்தத் தாள் என்னிடம்தான் இருக்கும்.

*

அதே தாள். மறுநாள்.

கடலில் காற்றே இல்லை, ரோடோஸ்காரன் இன்னும் நிற்கிறான். அதனால் மிச்ச இடத்தில் எழுதுகிறேன்.

மிகாவை வற்புறுத்தவில்லை. போகலாமா என்று மட்டும் கேட்டேன். பொம்மையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பாதி வழியில் மயங்கி உட்கார்ந்தாள். தூக்கிக்கொண்டேன், ஆந்த்ரோன், கல்யாண வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்க முடிந்தது. அவ்வளவு இளைத்திருக்கிறாள்.

குகைக்குள் இறங்கியதும் பொம்மையை என் கையில் கொடுத்துவிட்டாள். "நீயே வெச்சுடும்மா. நான் வெச்சா நான்தான் அப்பாவ அனுப்பின மாதிரி ஆயிடும்" என்றாள். நான் வைத்தால் மட்டும் யார் அனுப்பியதாகும்? அவளிடம் இதைக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அவள் படியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விரல் தடம் இருக்கும் துண்டை மட்டும் உடைத்து எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. படியில் ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் குறை வைத்துக் கொடுத்ததால்தானே இத்தனையும். உங்கள் தடத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு அது பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு முகம் தண்ணீரைப் பார்க்க, முதுகு என்னைப் பார்க்க, புதுப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். புதியதை எடுத்துவரவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அது திருட்டு. இரண்டும் அங்கே இருக்கின்றன, ஒன்று சட்டையோடு, ஒன்று சட்டையில்லாமல்.

மிகா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். குரலே எழும்பவில்லை, என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. குகைக்குக் கேட்டுவிட்டது. "விடுங்கள்" என்று திருப்பிச் சொன்னது. சுவரிலிருந்து சுவருக்குப் போய், அடியாழத்திலிருந்து இன்னொரு முறை சொன்னது. நான் அவளை இழுத்துக்கொண்டு படியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, பசிக்குது" என்றாள். பார்லி ரொட்டி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, தியானோ வைத்துவிட்டுப் போன தேனடை, எல்லாவற்றையும் தின்றாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். லைகோனின் பங்கையும் எடுத்துக் கொடுத்தேன். அவன் வெளியே போய் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். உச்சிவேளை வந்தது, போனது. அவள் தறியை விட்டு எழவில்லை. இப்போது தூங்குகிறாள். நான் கிட்டே போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

அவள் சாப்பிடுவதைப் பார்த்து ஓவென்று அழுதேன். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் அடங்கியபின் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது போகமாட்டேன் என்கிறது. கன்னிமார் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று மிகா சொன்னாள். அது சரியாகப் போய்விட்டது. பொம்மையைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்பதும் சரியாகப் போய்விட்டது. அவள் சொன்னதில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆந்த்ரோன், நீங்கள் சொன்ன வார்த்தையை முந்தாநாளிலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். விரல் எங்கே இருக்கிறதோ அங்கே வருவேன் என்றுதான் சொன்னீர்கள். வீட்டுக்கு என்று சொல்லவில்லை. விரல் இப்போது குகையில் இருக்கிறது, உடையாமல், முழுதாக. பௌர்ணமியில் மிகாவை அனுப்பிவைத்துவிட்டு, ஒவ்வொரு காலையும் நான் அந்தப் படியில் வந்து உட்கார்ந்திருப்பேன். அங்கேயே வாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பதில் எழுதாததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உச்சிவேளையில் மட்டும் வேண்டாம். சத்தமில்லாமலும் வர வேண்டாம். அடிவாரத்திலேயே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, கல் உருளக் கல் உருள, கால் சத்தம் எனக்குக் கேட்கும்படி நடந்து வாருங்கள்.

உங்கள்,
அர்கிப்பே.